சதுப்புநிலத்திலும் ஆழமற்ற கரையோர நீரிலும் பூக்கும் காட்டுச்செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் செடிகளைப் பற்றிய பக்கம் இது?

ஆண்டின் பெரும்பகுதி நன்னீர் தேங்கி நிற்கும், மரங்கள் அடராத சதுப்புகளிலும், ஏரி, குளம், மெதுவாக ஓடும் ஆறு ஆகியவற்றின் ஓரங்களில் சுமார் இரண்டு மீட்டர் ஆழம் வரையிலும் தானாக வளரும் பூக்கும் செடிகள். உப்புநீர் அலையாத்திச் செடிகள் இதில் சேரா. நீரில் மிதக்கும் சால்வினியாவும் அசோலாவும் பார்க்கச் செடிபோல இருந்தாலும் அவை பெரணி இனம்; எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பூக்காது.

கரையோரத்தில் செடிகள் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்பது ஏன்?

நீரின் ஆழம்தான் காரணம். மண்வளம், வெயில், விதை வந்து விழுந்த இடம் எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு செடியை அடையாளம் காண வேண்டுமானாலும், நட வேண்டுமானாலும், ஒழிக்க வேண்டுமானாலும் முதலில் கேட்க வேண்டியது, அது நிற்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு, அது ஆண்டில் எத்தனை மாதம் நிற்கிறது என்பதே. பூவைப் பார்ப்பது அப்புறம்.

நீர் வந்து வந்து வடியும் ஈரக்கரையில் வல்லாரை, நீர்பிரம்மி, பொன்னாங்கண்ணி, பொடுதலை, கரிசலாங்கண்ணி, கணுவுக்குக் கணு முள்ளோடு ஊதாப் பூ பூக்கும் நீர்முள்ளி ஆகியவை இருக்கும். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை நீர் நிற்கும் இடத்தில் அடியை நீரிலும் தலையை வெளியிலும் வைத்திருக்கும் சம்பு, கோரை, வசம்பு, ஆற்றலரி, மோனோகோரியா. அதைத் தாண்டி, அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை, வேர் சேற்றிலும் இலை நீர்ப்பரப்பிலுமாகத் தாமரை, அல்லி, கொட்டி. வெளிச்சம் எட்டும் வரை நீருக்கடியில் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஓட்டீலியா. வெங்காயத்தாமரை, லெம்னா போன்ற வேரூன்றாத மிதவைகளுக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல. காற்று ஒதுக்கும் மூலையில் சேர்ந்துகொள்ளும்.

இந்த எல்லைகள் கோடு போட்டது போல இருக்காது. நீர்மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் ஏறி இறங்கும் ஏரியில் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். மட்டம் மாறாத குளத்தில்தான் அவை தெளிவாகத் தெரியும்.

எப்போதும் தண்ணீரில் நிற்கும் வேர் ஏன் அழுகுவதில்லை?

ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவுவது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவு. மண் நீரில் மூழ்கிய ஓரிரு நாளில் அதிலிருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். சாதாரணச் செடியின் வேர் அங்கே மூச்சுமுட்டிச் சாகும். சதுப்புச் செடிகள் தண்டிலும் காம்பிலும் வேரிலும் காற்றுக்குழல்களை வைத்துக்கொண்டு இலை வழியே இழுத்த காற்றைக் கீழே அனுப்புகின்றன. அல்லிக் காம்பைக் குறுக்கே வெட்டினால் அந்தத் துளைகள் கண்ணுக்கே தெரியும்.

சில செடிகளில் இது வெறும் பரவல் இல்லை, ஒருவகை ஊதல். நூஃபார் எனப்படும் மஞ்சள் அல்லியில், வெயிலில் சூடாகும் இளம் இலைக்குள் அழுத்தம் கூடி, காற்று காம்பு வழியே கிழங்குக்கு இறங்கி, முதிர்ந்த இலைகள் வழியே வெளியேறுகிறது. ஒரே இலை நாளொன்றுக்கு 22 லிட்டர் வரை காற்றை அனுப்பக்கூடும் என்று 1980-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சேற்றிலிருந்து சம்பின் வேரை மெல்லப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். சுற்றியுள்ள சேறு கருப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். வேரின் மேல் மட்டும் துருநிறத்தில் ஒரு மெல்லிய உறை படிந்திருக்கும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சேற்றில் கரைந்திருந்த இரும்பைத் துருவாக்கிய தடம் அது. அந்த உறை இருந்தால் செடி மூச்சு விடுகிறது என்று பொருள்.

தாமரை, அல்லி, சிறு அல்லி: பூ இல்லாத நேரத்தில் எப்படிப் பிரித்தறிவது?

இலையைப் பாருங்கள். தாமரை இலை முழுவட்டம், வெட்டு கிடையாது, காம்பு நடுவில் சேரும், முதிர்ந்த இலைகள் நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும், தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடும். அல்லி இலை நீர்மேல் படுத்திருக்கும். ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். தாமரையின் முதல் சில இலைகளும் நீரில் மிதக்கும் என்பதால், உயர்ந்து நிற்கவில்லையே என்று அல்லியாக முடிவுகட்டிவிடக் கூடாது. பிளவு உண்டா இல்லையா என்பதே நம்பத்தக்க குறி.

அல்லிகளுக்குள், இலையோரம் பல்பல்லாகவும் அடிப்பக்கம் மென்மயிரோடும் இருந்தால் அநேகமாக அது இரவில் விரியும் நிம்ஃபியா பியூபசென்ஸ். அடிப்பக்கம் வழவழப்பாக இருந்து, நீலமோ வெளிர்நீலமோ வெள்ளையோ ஆன பூ பகலில் விரிந்தால் நிம்ஃபியா நூச்சாலி.

சிறு அல்லி என்று பலர் எடுத்துக்கொள்ளும் நிம்ஃபாய்டஸ் அல்லிக் குடும்பமே அல்ல. இலை மட்டும்தான் அல்லி மாதிரி. பூ ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், ஐந்து இதழ், பல இனங்களில் இதழெல்லாம் பஞ்சு ஒட்டியது போன்ற இழைகள். பூக்கள் இலைக்குச் சற்றுக் கீழே காம்பிலிருந்து கொத்தாகக் கிளம்பும். உண்மையான அல்லியில் ஒவ்வொரு பூவும் தனிக் காம்போடு அடிக்கிழங்கிலிருந்தே வரும். ஓர் இலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாலே சந்தேகம் தீரும்.

அல்லிப் பூவுக்குள் செத்த பூச்சி கிடக்கிறதே?

பூச்சி பிடித்துத் தின்னும் செடி அல்ல அது. அல்லிப் பூ மூன்று நான்கு நாட்கள் விரிந்து மூடும். முதல் நாள் அது பெண்: நடுவிலுள்ள கிண்ணம் போன்ற சூல்முடியில் ஒரு திரவம் நிறைந்திருக்கும், மகரந்தப் பைகள் இன்னும் திறந்திருக்காது. வேறொரு பூவின் மகரந்தத்தோடு வரும் பூச்சி வழுக்கி அதில் விழ, மகரந்தம் கழுவப்பட்டுச் சூல்முடியில் சேர்கிறது. பெரும்பாலான பூச்சிகள் ஏறி வந்துவிடும், சில மூழ்கிவிடும். இரண்டாம் நாளிலிருந்து கிண்ணம் வற்றி, மகரந்தத்தாள்கள் உள்ளே வளைந்து வழியை மூடி, பூ ஆணாக வேலை செய்யும். கடைசியில் காம்பு பூவை நீருக்குள் இழுத்துக்கொள்ள, காய் அங்கேயே முற்றும். ஆகவே விதை சேகரிப்பவர்கள் நீருக்கு மேலே காயைத் தேடிப் பயனில்லை.

தாமரை வேறு வழியில் போகிறது. பூக்கும் சில நாட்களில் தன் நடுப்பகுதியை 30 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைத்துக்கொள்கிறது, சுற்றிலும் காற்று 10 டிகிரிக்கு இறங்கினாலும். காய் நீருக்கு மேலேயே புனல் வடிவில் நிற்கும்.

ஒரே செடியில் இரண்டு மூன்று விதமான இலைகள் இருக்குமா?

இருக்கும். அடையாளப் பிழைகளில் பாதி இதனால்தான். சஜிட்டேரியாவின் இளஞ்செடி நீருக்கடியில் நாடா போன்ற இலை விடும். பிறகு மிதக்கும் இலை. நீருக்கு வெளியே வந்ததும் அம்புமுனை இலை. மோனோகோரியாவும் இப்படியே நாடாவில் தொடங்கி இதய வடிவத்துக்கு வரும். திடீரென நீர் ஏறினால் வளர்ந்த செடியும் மறுபடி நாடா இலைக்குத் திரும்பலாம். இலை ஒன்றை மட்டும் வைத்துப் பெயர் சொல்பவரை நம்ப வேண்டாம்.

புல், கோரை, சம்பு, வசம்பு எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றனவே?

தண்டை விரலிடையே உருட்டுங்கள். முக்கோணமாக நெருடினால் பெரும்பாலும் கோரைக் குடும்பம். உருண்டையாக, கணுக்களோடு, கணுக்களுக்கிடையே உள்ளீடற்று இருந்தால் புல். உருண்டை, கணு இல்லை, உள்ளே வெண்பஞ்சு என்றால் ஜங்கஸ் அல்லது உருண்டைத் தண்டுள்ள கோரை வகை. பட்டையான தடித்த இலைகள் அடியில் விசிறியாக அடுக்கியிருந்தால் சம்பு அல்லது வசம்பு. வசம்பின் இலையைக் கசக்கினால் காரமான நறுமணம் வரும். நடுநரம்பு சரியாக நடுவில் இராமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். சம்பில் மணம் இல்லை. பூத்துவிட்டாலோ குழப்பமே இல்லை, மேலே ஆண்பூக்களும் கீழே பழுப்புநிறப் பெண்பூக்களும் செறிந்த கதிர் நிற்கும்.

முழுக்க நீருக்கடியில் வாழும் செடிகளும் பூக்குமா?

பூக்கும், பலவும் அதற்காக நீர்ப்பரப்புக்கு வரும். வாலிஸ்நேரியாவில் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடி. பெண்பூ நீண்ட மெல்லிய காம்பில் ஏறி நீர்ப்பரப்பில் ஒரு சிறு குழிவை உண்டாக்கி மிதக்கும். ஆண்பூக்கள் மூடிய நுண்மொட்டுகளாக அடியிலேயே கழன்று, மேலே மிதந்து வந்து திறந்து, காற்றில் நழுவி அந்தக் குழிவுக்குள் சறுக்கி விழும். கருவுற்றதும் பெண்பூவின் காம்பு கம்பிச்சுருளாகச் சுருண்டு காயைக் கீழே இழுக்கும். காற்றில்லாத காலையில் நீர்ப்பரப்பில் வெண்தூசி மிதந்தால் குனிந்து பாருங்கள், அது தூசியாக இல்லாமலும் இருக்கலாம்.

யூட்ரிக்குலேரியாவுக்கு வேரே இல்லை. சத்துக் குறைந்த தெளிநீரில் மிதந்தபடி மஞ்சள் பூவை மட்டும் நீருக்கு மேலே நீட்டும். அடியிலுள்ள சில மில்லிமீட்டர்ப் பைகள் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் நுண்ணுயிர்களை உறிஞ்சிப் பிடிக்கின்றன.

பெயர் கண்டறிய எப்படிப் படம் எடுக்க வேண்டும்?

அழகான பூவின் நெருக்கப்படம் ஒன்றை மட்டும் அனுப்பினால் யாராலும் பெரிதாக உதவ முடியாது. செடி நிற்கும் இடத்தோடு முழு உருவம், இலையின் மேற்புறமும் அடிப்புறமும், இலை காம்போடு சேரும் இடம், பூ முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பின்னிருந்தும், இருந்தால் காய், தண்டின் குறுக்குவெட்டு. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட குச்சியைச் செடியருகே ஊன்றி அதையும் சேர்த்து எடுத்தால் ஆழமும் பதிவாகிவிடும். நேரத்தைக் குறியுங்கள்; இரவில் விரிவதா பகலில் விரிவதா என்பது அல்லிகளில் முக்கியம்.

உலர்மாதிரி செய்வதானால், மூழ்கிவாழும் மெல்லிய செடியைக் கையால் தூக்கித் தாளில் பரப்ப முயல வேண்டாம். ஈர நூலாகச் சுருண்டுவிடும். தட்டில் தண்ணீர் ஊற்றிச் செடியை மிதக்கவிட்டு, கெட்டித்தாளை அடியில் நுழைத்து, தூரிகையால் இலைகளை விரித்து, தாளைச் சாய்வாக உயர்த்துங்கள். மேலே மெல்லிய துணி, அதன்மேல் உறிஞ்சுதாள், பிறகு பளு. முதல் நான்கைந்து நாள் உறிஞ்சுதாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அல்லிப் பூவை நீளவாக்கில் இரண்டாக வெட்டித்தான் அழுத்த வேண்டும்.

தாமரை விதை முளைக்கவே இல்லை. ஏன்?

விதையின் ஓட்டுக்குள் தண்ணீர் புகவில்லை. அந்த ஓட்டின் வலிமைக்குச் சான்று வேண்டுமானால், வடகிழக்குச் சீனாவில் பழைய ஏரிப் படிவிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழமையான தாமரை விதை முளைத்திருக்கிறது; அதன் முடிவுகள் 1995-இல் வெளியாயின. வீட்டில் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அரத்தாலோ கரடுமுரடான உப்புத்தாளாலோ ஒரு முனையைத் தேயுங்கள். கருப்பு ஓடு போய் வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் தேய்த்தால் பருப்பு காயம்பட்டு அழுகும். 25 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள நீரில் போட்டுத் தினமும் நீரை மாற்றுங்கள். ஓரிரு நாளில் விதை பருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பச்சைமுளை வெளியே வரும். பருக்காத விதையை இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம். நீரைக் கலக்கி நாறவைக்கும் விதை செத்தது, உடனே எடுத்துவிடுங்கள்.

வேர் விட்டு மூன்று நான்கு இலை வந்த பின், 40 சென்டிமீட்டர் அகலமாவது உள்ள, ஓட்டையில்லாத தொட்டியில் களிமண் கலந்த கனமான மண்ணை 12 முதல் 15 சென்டிமீட்டர் போட்டு நடுங்கள். மேலே 5 முதல் 8 சென்டிமீட்டர் நீர் போதும். மட்கு உரமோ தேங்காய் நாரோ வேண்டாம்: மிதக்கும், அழுகும், பாசி கட்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். முதல் ஆண்டே பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கிழங்கை நடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வளர்நுனி பச்சைக் காளான் போல முறியும். நுனி முறிந்த துண்டு பெரும்பாலும் பிழைக்காது. நுனியை மண்ணுக்கு மேல் விட்டு உடலை மட்டும் புதைத்து, மிதக்காதிருக்க ஒரு கல்லை வையுங்கள்.

குளக்கரையில் இந்தச் செடிகளை நடும் முறை?

கரை செங்குத்தாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரு மீட்டர் இறங்க ஐந்து மீட்டராவது நீளும் சாய்வு வேண்டும். பத்து மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. செங்குத்துக் கரையில் செடிக்கு ஏற்ற ஆழம் ஒரு முழ அகலத்துக்குத்தான் கிடைக்கும்.

நீர்மட்டம் குறைந்திருக்கும் பருவத்தில் நடுங்கள். நீருக்கு வெளியே தலைநீட்டும் செடிகளை 30 முதல் 50 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரே இனத்தை ஏழெட்டாகக் கூட்டமாக. நடும்போது நீர், செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேர்ப்பிடித்துப் புது இலை வந்த பின் நீரை மெதுவாக ஏற்றலாம். அலையடிக்கும் கரையில் சணல்வலை விரித்து அதன் கண்களில் நடுவது பலன் தரும்.

நட்ட சில வாரங்களில் எல்லாம் போய்விட்டது. என்ன தவறு?

இலைகள் மஞ்சளாகி, தண்டு அடியில் குழகுழத்திருந்தால் ஆழம் அதிகம். இலைநுனி மூழ்கிய நாளிலிருந்து வேருக்குக் காற்று நின்றுவிட்டது. செடியே வேரோடு மிதந்தால் அலை, அல்லது அடிமண்ணைக் கிளறும் கெண்டை வகை மீன். இலை கத்தரித்தாற்போல் போயிருந்தால் வாத்து, கால்நடை. முதல் பருவம் முழுக்க வேலியிடாமல் வேறு வழியில்லை. செடி உயிரோடிருந்தும் பாசி போர்த்தியிருந்தால் நீரில் சத்து மிகை. அந்தக் குளத்துக்கு உரம் போடுவதை நிறுத்துங்கள், வயலின் வடிகால் வருகிறதா என்று பாருங்கள்.

நடாமலே காட்டுச்செடிகளை வரவழைக்க முடியுமா?

பழைய சதுப்பாக இருந்தால் முடியும், நட்டதைவிட நன்றாகவே வரும். சேற்றில் பல ஆண்டு விதைகள் உறங்குகின்றன. பெரும்பாலான கரைச்செடிகளின் விதை ஆழநீருக்கடியில் முளைக்காது. நீர் வடிந்து சேறு வெளிச்சம் காணும்போது முளைக்கும்.

சோதித்துப் பார்க்க, கரையின் மூன்று நான்கு இடங்களில் மேல் ஐந்து சென்டிமீட்டர்ச் சேற்றை எடுத்து, கிழங்கு வேர்களை நீக்கி, இரண்டு தட்டுகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். ஒன்றை ஈரமாக மட்டும் வையுங்கள்; மற்றதில் நான்கு சென்டிமீட்டர் நீர் நிற்கட்டும். ஆறு முதல் எட்டு வாரம். இரண்டிலும் முளைப்பவை வேறுவேறாக இருக்கும். ஒன்றுமே வராவிட்டால்தான் வெளியிலிருந்து செடி கொண்டுவர யோசிக்க வேண்டும்.

சம்பு எல்லாவற்றையும் மூடிவிட்டது. எப்படிக் குறைப்பது?

ஒரு கதிரிலிருந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் காற்றில் பறக்கும். கீழே கிழங்கும் ஓடும். எரிப்பதாலும் நீருக்கு மேலே அறுப்பதாலும் அது சாகாது, நன்றாகத் துளிர்க்கும். நீருக்கடியில் அறுங்கள்: வெட்டிய தண்டின் மேல் குறைந்தது 10 சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டும், காய்ந்த பழைய தண்டுகளையும் சேர்த்து வெட்ட வேண்டும். காய்ந்த தண்டும் மூச்சுக்குழாயாக உதவும், ஒன்றிரண்டு மிஞ்சினாலும் கிழங்கு பிழைக்கும். ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை. தாமரைக் குளத்தைச் சுத்தம் செய்பவர்கள் காம்புகளை நீருக்கடியில் அறுத்துக் கிழங்கைத் தெரியாமல் கொல்வதும் இதே காரணத்தால்தான்.

முழுவதையும் ஒழிக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு நின்றால் பறவைகளுக்குக் கூடு, கரைக்குக் காப்பு.

வெங்காயத்தாமரை அழகாகத்தானே பூக்கிறது? விட்டுவைத்தால் என்ன?

சொந்த மண்ணான தென் அமெரிக்காவில் விட்டுவைக்கலாம். மற்ற இடங்களில் வேண்டாம். ஆகாயத்தாமரை என்று இதையும் பிஸ்டியாவையும் சேர்த்தே அழைப்பதால் குழப்பம் வரும்: காம்பு வெங்காயம்போல் உப்பி, ஊதாப்பூவில் மஞ்சள் புள்ளி இருந்தால் வெங்காயத்தாமரை; முட்டைக்கோசு போன்ற மென்மயிர் இலைக்கொத்து பிஸ்டியா. சாதகமான நீரில் வெங்காயத்தாமரை ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அடியில் வெளிச்சமும் ஆக்சிஜனும் போய்விடும்.

பூப்பதற்கு முன்பே எடுங்கள். விதை சேற்றில் பதினைந்து இருபது ஆண்டு உயிரோடு கிடக்கும். ஓடுதண்டுத் துண்டுகளையும் விடாமல், வெள்ளம் எட்டாத மேட்டில் குவியுங்கள். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் சீக்கிரம் வற்றும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வர வேண்டும். ஒரே நாள் பெருந்துப்புரவு படத்துக்கு நன்றாக இருக்கும், குளத்துக்குப் பயனில்லை. களைக்கொல்லியால் ஒரேயடியாகக் கொன்றால் அழுகும் குவியல் ஆக்சிஜனை உறிஞ்சி மீன்கள் செத்து மிதக்கும். நியோகெட்டினா என்னும் கூன்வண்டுகள் பல நாடுகளில் விடப்பட்டுள்ளன. அவை வேலை செய்யும், ஆனால் ஆண்டுக்கணக்கில்.

ஓரிடத்துக் காட்டுப்பூ இன்னோரிடத்துக் களை என்பதற்கு லித்ரம் சலிக்காரியாவும் உதாரணம். ஐரோப்பியச் சதுப்புகளில் இயல்பான ஊதாப்பூ. வட அமெரிக்காவில் சதுப்புகளையே விழுங்கிவிட்டது.

தொடக் கூடாத செடிகள் உண்டா?

சிக்யூட்டா: வடபாதி உலகின் குளிர்ப்பகுதிச் சதுப்புகளில், குடைபோன்ற வெண்பூக்கொத்தோடு நிற்கும். கிழங்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு. அந்தப் பகுதியில் குடைக்கொத்துப் பூவுள்ள எந்த நீரோரச் செடியையும் வாயில் வைக்காதீர்கள். ரனன்குலஸ் ஸ்கெலரேட்டஸ் என்னும் சிறு மஞ்சள்பூச் செடியின் சாறு தோலில் கொப்புளம் எழுப்பும். பிஸ்டியாவும் அதன் சேம்புக் குடும்ப உறவுகளும் வாய், தொண்டையை அரித்து வீங்கவைக்கும். வெளிர்ஊதாப் புனல்பூக்களோடு கரையில் புதராக மண்டும் ஐபோமியா கார்னியா கால்நடைக்கு நஞ்சு.

நஞ்சில்லாத செடியாயினும், கழிவுநீர் சேரும் இடத்தில் வளர்ந்தால் உலோகங்களை உள்ளே சேர்த்து வைத்திருக்கும்.

காட்டிலிருந்து செடியைப் பெயர்த்து வரலாமா?

காப்புப் பகுதிகளில் பெரும்பாலும் சட்டப்படி தடை. மற்ற இடங்களில் நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் கிழங்கைத் தோண்டாமல் விதையை எடுங்கள், ஒரு செடியில் சில காய்கள் மட்டும். அல்லி விதையை உலரவிடாமல் நீரிலேயே வையுங்கள்.

இறங்குவதானால் கழியால் சேற்றின் ஆழத்தை முன்னால் குத்திப் பார்த்தபடி செல்லுங்கள், தனியாகப் போகாதீர்கள், காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். வெளியே வந்ததும் காலணி, வலை, படகு எல்லாவற்றையும் அங்கேயே கழுவி, ஒட்டிய துணுக்குகளைப் பொறுக்கி, அடுத்த நீர்நிலைக்குப் போகுமுன் முழுக்கக் காயவிடுங்கள். ஹைட்ரில்லா பரவ ஒரு கணுவுள்ள துண்டே போதும்.